அம்பெய்து மீன் பிடித்தல்: தொடங்குவோர் அறிய வேண்டியவை

வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை, சாதாக் கெண்டை ஆகிய மூன்றும் தமிழ்நாட்டு மீன் வளர்ப்போருக்கு நன்கு அறிமுகமான மீன்கள். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றுடன் இவற்றையும் ஒரே குளத்தில் விட்டு வளர்ப்பதே கூட்டு மீன் வளர்ப்பு. குஞ்சுகளை விலை கொடுத்து வாங்கி, தவிடும் பிண்ணாக்கும் இட்டு, இரவில் காவலும் வைத்து வளர்க்கிறோம். இதே மீன்களை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வில்லும் அம்பும் கொண்டு எய்து கொல்கிறார்கள். ஆற்றையும் ஏரியையும் கெடுக்கும் களை என்பதே அதற்குக் காரணம்.

வில்லால் மீன் பிடிப்பது உலகில் மிகப் பழைய வழக்கம். அந்தமான் தீவுகளில் ஜாரவா மக்கள் ஆழமில்லாத கடற்கரை நீரில் நின்று அம்பெய்து மீன் பிடிக்கின்றனர். அது உணவுக்கான வேட்டை. அமெரிக்காவில் இது ஒரு திறந்தவெளிப் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. அந்நாட்டில் குடியேறி, விடுமுறை நாளில் ஆற்றங்கரைக்குச் செல்லும் தமிழ்க் குடும்பத்தினர் இதைத் தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. இங்கு மீன் குளம் வைத்திருப்போருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

வளர்ப்பு மீன் களையான கதை

சாதாக் கெண்டை அமெரிக்காவின் சொந்த மீன் அன்று. 1877 ஆம் ஆண்டு அந்நாட்டு மீன்வள ஆணையம் ஐரோப்பாவிலிருந்து இதைக் கொண்டுவந்து பால்டிமோர் நகரப் பூங்காக் குளங்களில் வளர்த்தது. ஆணையத்தின் தலைவராக இருந்தவர் ஸ்பென்சர் பெயர்டு. மலிவான, சத்தான உணவு என்ற நல்ல எண்ணத்துடனேயே குஞ்சுகள் பல மாநிலங்களுக்கும் அனுப்பப்பட்டன. குளங்களிலிருந்து தப்பிய மீன்கள் ஆறுகளை அடைந்தன.

சாதாக் கெண்டை அடிச்சேற்றைக் கிளறி இரை தேடும். குளக்கரைகளை இது துளைத்துப் பாழாக்குவதை நம் மீன் வளர்ப்போரும் கண்டிருப்பார்கள். ஏரியில் இதே பழக்கத்தால் நீர் கலங்குகிறது. வெளிச்சம் புகாமல் நீர்த்தாவரங்கள் அழிகின்றன. அவற்றை நம்பி வாழும் வாத்துகளும் உள்நாட்டு மீன்களும் குறைகின்றன. பெண் மீன் தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 2 லட்சம் முட்டைகள் வரை இடும். தேங்கிய நீரிலேயே இனப்பெருக்கம் செய்யும் மீன் ஆதலால், ஒருமுறை புகுந்த ஏரியை விட்டு இதை ஒழிப்பது அரிது.

புல் கெண்டை 1963 ஆம் ஆண்டு நீர்க்களைகளை ஒழிப்பதற்காக வரவழைக்கப்பட்டது. வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் 1970 க்குப் பின்னர் ஆர்கன்சா மாநிலத்திற்கு வந்தன. பண்ணைக் குளங்களிலும் கழிவுநீர்க் குட்டைகளிலும் மிதவை உயிரிகளைத் தின்று நீரைத் தூய்மையாக்கும் என்று எதிர்பார்த்தனர். இவையும் தப்பி மிசிசிப்பி ஆற்றில் புகுந்து, அதன் கிளை நதியான இல்லினாய் ஆறு வரை பெருகிவிட்டன. விசைப்படகின் ஓசை கேட்டதும் வெள்ளிக் கெண்டைகள் கூட்டமாக நீருக்கு மேல் துள்ளும். படகில் இருப்போர் மீது மோதிக் காயப்படுத்தியதும் உண்டு.

மிதவை உயிரிகளை வடிகட்டி உண்ணும் வெள்ளிக் கெண்டை தூண்டில் இரையை எளிதில் கவ்வாது. ஆகவே இதைப் பிடிக்க வலையும் வில்லுமே கைகொடுக்கின்றன. அம்பெய்து மீன் பிடிக்கும் பழக்கம் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நம் விரால் மீனின் உறவான வடபுல விரால் ஒன்றும் இந்தப் பட்டியலில் உண்டு. 2002 ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்தில் ஒரு சிறு குளத்தில் இது கண்டுபிடிக்கப்பட்டது. உயிருடன் விற்கப்பட்ட மீனை ஒருவர் வாங்கிக் குளத்தில் விட்டதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அக்குளத்து மீன்கள் அனைத்தும் மருந்திட்டு அழிக்கப்பட்டன. ஆயினும் 2004 ஆம் ஆண்டு அருகிலுள்ள பொட்டோமாக் ஆற்றில் அவ்வினம் தென்பட்டது. இன்று அப்பகுதியில் வில்லாளர்கள் விரும்பித் தேடும் மீன் அதுவே. சுவையும் நம் விரால் போலவே என்பதால் பிடித்தது வீணாவதில்லை.

வில்லும் அம்பும்

தொடங்குவோருக்கு விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. 30 முதல் 50 பவுண்டு, அதாவது சுமார் 14 முதல் 23 கிலோ இழுவிசை உள்ள வில் போதுமானது. மீன் வெகு அருகிலேயே இருக்கும். குறி பார்க்கக் கிடைப்பதோ ஓரிரு நொடிகள். ஆகவே எளிதில் இழுத்து விரைவில் எய்யக்கூடிய வில்லே சிறந்தது. பழைய வில் ஒன்று கையில் இருந்தால் அதிலேயே உருளையைப் பொருத்திக்கொள்ளலாம்.

அம்பு மட்டும் தனி வகையைச் சேர்ந்தது. நிலத்தில் பயன்படும் அம்பு எடை குறைந்தது; வாலில் இறகு உடையது. அது நீரில் பட்டதும் திசை மாறிவிடும். மீனுக்கான அம்பு கண்ணாடி இழையால் ஆன கெட்டியான தண்டு. அதன் எடை சாதாரண அம்பைப் போல் மூன்று மடங்கு இருக்கும், இறகு இராது. முனையில் தூண்டில் முள்ளைப் போன்ற கொக்கிகள் இருப்பதால் மீன் நழுவாது. முனையைத் திருகிக் கொக்கிகளை மறுபுறம் மடக்கினால் அம்பை உருவிவிடலாம்.

அம்புடன் உறுதியான பின்னல் கயிறு இணைக்கப்படும். அக்கயிறு வில்லின் முன்புறம் உள்ள உருளையில் சுற்றப்பட்டிருக்கும். கையால் சுற்றும் வட்ட உருளை, பொத்தானை அழுத்திக் கயிற்றை விடும் ரீல், கயிறு தானே வந்து விழும் புட்டி ரீல் என மூன்று வகைகள் உள்ளன. கையால் சுற்றும் உருளை விலை குறைந்தது; பழுதும் எளிதில் ஆகாது. புட்டி ரீலில் பொத்தானை அழுத்த வேண்டிய தேவையே இல்லாததால் தொடங்குவோருக்கு அது பாதுகாப்பானது.

இவற்றோடு நீரின் மேற்பரப்புக் கூசலைத் தடுக்கும் போலராய்டு கண்ணாடி மிகவும் அவசியம். அதை அணியாதவருக்கு வானத்தின் பிரதிபலிப்பே தெரியும், மீன் தெரியாது. விரலுறை, நீரில் வழுக்காத காலணி, தொப்பி, பனிக்கட்டிப் பெட்டி ஆகியவையும் இருந்தால் நலம்.

நீருக்குள் குறி பார்த்தல்

பம்புசெட் தொட்டியில் ஒரு குச்சியைச் சாய்த்து விட்டால், நீர்மட்டத்தில் அது ஒடிந்தது போல் தெரிவதைப் பார்த்திருப்போம். நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதே அதற்குக் காரணம். நேர் மேலிருந்து பார்த்தால் 4 அடி ஆழத்தில் உள்ள மீன் 3 அடி ஆழத்தில் இருப்பது போல் தோன்றும். சாய்வாகப் பார்க்கும்போது இத்தோற்றப் பிழை இன்னும் கூடும். கண்ணுக்குத் தெரியும் மீனை நோக்கி எய்தால் அம்பு அதன் முதுகுக்கு மேலேயே சென்றுவிடும்.

ஆகவே, தெரியும் இடத்திற்குக் கீழே குறி வைக்க வேண்டும். எவ்வளவு கீழே? வில்லாளர்கள் கையாளும் எளிய கணக்கு இதுதான். 10 அடி தொலைவில், 1 அடி ஆழத்தில் மீன் இருந்தால் 4 அங்குலம் கீழே குறி வைக்கவும். தொலைவு இரு மடங்கானால் 8 அங்குலம். ஆழம் இரு மடங்கானாலும் 8 அங்குலம். இது தோராயக் கணக்கே. பழகப் பழகக் கை தானே அறிந்துகொள்ளும்.

பழகுவதற்கு மீன் தேவையில்லை. நீர் நிரப்பி மூடிய பிளாஸ்டிக் புட்டியில் சிறிது மணலிட்டு, கல் இல்லாத ஆழமற்ற நீரில் அமிழ்த்தி வைக்கவும். 10 அடி தொலைவிலிருந்து எய்து பார்க்கவும். முதல் சில அம்புகள் மேலே போவது இயல்பு. 3 அடி ஆழத்திற்கு மேல் நீரின் தடையால் அம்பின் வேகம் வெகுவாகக் குறையும். ஆழத்தில் உள்ள மீனை எய்தால் அது காயத்துடன் தப்பித்து வீணே மடியும். எனவே அத்தகைய மீனை விட்டுவிடுவதே முறை.

ஏற்ற இடமும் காலமும்

இளவேனிற் காலத்தில் நீரின் வெப்பம் சுமார் 18 பாகை செல்சியஸை எட்டும்போது சாதாக் கெண்டைகள் முட்டையிடுவதற்காகக் கரையோரப் புல்வெளிகளுக்கு வரும். வட மாநிலங்களில் இது பெரும்பாலும் மே, ஜூன் மாதங்கள். முழங்கால் அளவு நீரில் முதுகு தெரிய அவை புரளும் ஓசை தொலைவிலிருந்தே கேட்கும். தொடங்குவோருக்கு இதைவிட ஏற்ற காலம் இல்லை.

காற்றில்லாத, வெயில் நன்கு ஏறிய காலை வேளையில் நீருக்குள் பார்வை தெளிவாகச் செல்லும். ஆரவாரமின்றி, அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். நிழல் மீன் மீது விழுந்தால் அது விலகி ஓடிவிடும். மங்கிய நிற உடை நல்லது. படகு இல்லாமலேயே, கரையோரமாக நடந்தும் ஆழமற்ற நீரில் நின்றும் இதைச் செய்யலாம்.

நாள் முழுவதும் நடந்தும் ஓர் அம்புகூட எய்யாமல் திரும்ப நேரிடலாம். அந்த நடையில் கொக்கு மீன் பார்க்கும் பொறுமையையும், நாணலுக்குள் வாத்து குஞ்சுகளை நடத்திச் செல்லும் அழகையும் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். எத்தனை மீன் என்று எண்ணிப் பார்ப்பவருக்கு இதன் இன்பம் பாதிதான் கிடைக்கும்.

பாதுகாப்பு

அம்பு திரும்பி வந்து எய்தவரையே தாக்குவதுதான் இப்பொழுதுபோக்கின் பெரிய ஆபத்து. கயிறு வில்நாணில் சிக்கினாலோ, ரீலின் பொத்தானை அழுத்த மறந்தாலோ, பறக்கும் அம்பு கயிற்றின் முனையில் இழுபட்டு முகத்தை நோக்கி மீளும். இதைத் தவிர்க்கப் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கவும்.

1. அம்பின் தண்டில் நகரும் பாதுகாப்பு வளையத்திலேயே கயிற்றைக் கட்டவும். நாண் பதியும் வால்பகுதியில் கட்டக் கூடாது.

2. நாணை இழுக்கும் முன் கயிறு முழுவதும் வில்லுக்கு முன்புறம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவும்.

3. சிராய்ப்பு விழுந்த கயிற்றை உடனே மாற்றவும்.

4. நீரில் பட்ட அம்பு கல்போல் தெறிக்கக்கூடும். எதிர்க்கரையில் ஆள், படகு, கால்நடை இருந்தால் எய்யக் கூடாது.

5. எய்த மீனை இழுக்கும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

6. படகில் செல்வோர் அனைவரும் மிதவைச் சட்டை அணியவும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எய்யவும்.

எய்யும் முன் இனம் அறிக

தூண்டிலில் சிக்கிய மீன் வேண்டாதது என்றால் முள்ளை நீக்கி மீண்டும் நீரில் விட்டுவிடலாம். வலையில் விழுந்ததையும் விடலாம். அம்பு துளைத்த மீனை அப்படி விடமுடியாது. ஆகவே மற்ற முறைகளில் பிடித்த பின் இனம் பார்க்கலாம். இம்முறையில் மட்டும் இனம் பார்த்த பின்பே எய்ய வேண்டும். தொடங்குவோர் வில்லைப் பழகும் முன் மீனைப் பழகுவது அவசியம்.

இதன் முக்கியத்துவத்தை ஒரு மீன் நன்கு விளக்கும். பெருவாய் எருமை மீன் என்று அங்கு அழைக்கப்படும் மீன் வட அமெரிக்காவின் சொந்த இனம். பெரிய செதில்களும் தடித்த உடலும் கொண்டு பார்வைக்குக் கெண்டையைப் போலவே இருக்கும். நெடுங்காலமாக இதையும் கெண்டையையும் ஒன்றாகச் சேர்த்து மட்ட மீன் என்றே கருதி வந்தனர். இது இருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் வாழாது என்று எண்ணியிருந்தனர். மரத்தின் வயதை வளையம் எண்ணி அறிவது போல, மீனின் காதுக்குள் உள்ள சிறு கல்லை மெல்லியதாக அறுத்து வளையங்களை எண்ணி வயதை அறியலாம். அவ்வாறு ஆராய்ந்து 2019 ஆம் ஆண்டு வெளியான முடிவு மீனியலாரைத் திகைக்க வைத்தது. ஒரு மீனின் வயது 112.

சில நீர்நிலைகளில் இம்மீன்களுள் பெரும்பாலானவை முதியவை. முட்டையிட்டாலும் குஞ்சுகள் பிழைத்து வளர்வது பல பத்தாண்டுகளாக அங்கு நடைபெறவில்லை. நூறு ஆண்டு வெள்ளத்தையும் வறட்சியையும் கண்ட மீன் ஒன்று ஒரே நொடியில் வீழ்கிறது. அதன் இடத்தை நிரப்ப இளம் மீன் இல்லை. அண்மைக் காலத்தில் தட்டைப் படகுகளில் ஒளிமிக்க விளக்குகளைப் பொருத்தி இரவு முழுவதும் எய்யும் வழக்கம் பெருகியிருப்பதால், மீனியலார் இதைக் கவலையுடன் நோக்குகின்றனர்.

வேறுபடுத்தி அறிவது கடினமன்று. சாதாக் கெண்டைக்கு வாயோரத்தில் இரண்டு இணை மீசைகள் உண்டு. முதுகுத் துடுப்பின் முன்புறத்தில் ரம்பம் போன்ற முள் உண்டு. எருமை மீனுக்கு மீசையும் இல்லை, அம்முள்ளும் இல்லை. இதுபோலவே வடபுல விராலையும், அதைப் போன்ற தோற்றமுடைய உள்நாட்டு போபின் மீனையும் பிரித்தறிய வேண்டும். விராலின் அடிப்புறத் துடுப்பு நீண்டிருக்கும். போபினுக்கு அது குட்டையானது. மீன் அசையும் நீரில் மீசை தெரியவில்லை என்றால், ஐயம் தீராத வரை அம்பை விடக் கூடாது.

முதலை போன்ற நீண்ட முகமுடைய அலிகேட்டர் கார் மீனும் மெதுவாக வளர்ந்து நெடுநாள் வாழ்வது. டெக்சாஸ் மாநிலத்தின் பெரும்பாலான நீர்நிலைகளில் ஒருவர் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்ற விதி 2009 ஆம் ஆண்டு முதல் உள்ளது. விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் மாறுபடும். உரிமச் சீட்டு பெறுவதுடன், எந்த இனத்தை, எந்த நீர்நிலையில், எந்த நேரத்தில் எய்யலாம் என்பதை அம்மாநில மீன்வளத் துறையிடம் கேட்டறிந்த பின்பே புறப்பட வேண்டும்.

எய்த மீனை வீணாக்க வேண்டாம்

எய்த மீனைக் கரையில் குவித்து அழுகவிடுவது பல மாநிலங்களில் குற்றம். உடனே குடலை நீக்கிப் பனிக்கட்டியில் வைத்தால் கெண்டை நல்ல உணவு. முள் மிகுதி என்றாலும், முள்ளோடு பழகிய நம்மவர்க்கு அது தடையாகாது. ஆனால் சில ஆறுகளின் மீன்களில் பாதரசம் முதலிய நச்சுப்பொருள்கள் தங்கியிருப்பதால், எவ்வளவு உண்ணலாம் என்ற அரசு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளவும். கார் வகை மீன்களின் சினை நச்சுத்தன்மை உடையது. அதைத் தொடவே வேண்டாம். உண்ணாத மீனைத் தோட்டத்தில் குழி வெட்டி ஆழப் புதைத்தால் மண்ணுக்கு நல்ல எரு.

இங்குள்ள மீன் வளர்ப்போர் கவனத்திற்கு

நம் ஊர்க் கண்மாய்களிலும் ஏரிகளிலும் இதைச் செய்து பார்க்க எண்ணக் கூடாது. மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்ட நீரில் பிறர் மீன் பிடிப்பது முறையன்று. மக்கள் குளிப்பதும் கால்நடைகள் நீர் அருந்துவதும் அங்கேதான். இங்கு அறிய வேண்டிய பாடம் வேறு.

1971 ஆம் ஆண்டு இமாசலப் பிரதேசத்தில் வெள்ளத்தின்போது ஒரு மீன் பண்ணையிலிருந்து வெள்ளிக் கெண்டைகள் தப்பி கோவிந்தசாகர் நீர்த்தேக்கத்தில் புகுந்தன. சில ஆண்டுகளில் அவையே அங்கு பெருமீனாகிவிட்டன, கட்லா குறைந்தது. காஷ்மீரின் டால் ஏரியில் சாதாக் கெண்டை புகுந்த பின் உள்நாட்டு மீன்கள் குறைந்தன. நெல் வயலில் கோரை களை என்பதுபோல, இடம் மாறினால் நல்ல மீனும் களைதான்.

ஆகவே மழைக்காலத்திற்கு முன்பே குளத்தின் நீர் வரும் வழி, போகும் வழி இரண்டிலும் குஞ்சும் நுழையாத வலைத்தடுப்பு அமைக்க வேண்டும். கரையை வெள்ள மட்டத்திற்கு மேல் உயர்த்த வேண்டும். மீதமுள்ள குஞ்சுகளையும், வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீன்களையும் ஆற்றிலோ ஏரியிலோ விடக் கூடாது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை எவர் எந்த ஆதாயம் காட்டினாலும் குளத்தில் சேர்க்கக் கூடாது.

அமெரிக்காவில் 1877 ஆம் ஆண்டு விடப்பட்ட மீனை இன்றும் அம்பெய்து தீர்க்க முடியவில்லை. ஒரு முழம் வலைத்தடுப்புக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. வரும் மழைக்கு முன் ஒவ்வொருவரும் தம் குளத்தின் மடைவாயை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.